ஜெய்ப்பூரில் விற்ற நீளக் காரும், ஏற்ற மறுத்த பஸ்ஸும்

பிப்ரவரி மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, நானும் என் அக்கா மெர்சியும் டெல்லி ஜனக்புரியிலிருந்து ஜெய்ப்பூருக்குக் காரில் போனோம். கோட்டை பார்க்க அல்ல, காரை விற்க. போகும்போது கார், வரும்போது பஸ். இரண்டு பக்கமும் ஏறக்குறைய 265 கிலோமீட்டர்தான். ஆனால் இரண்டும் ஒரே தூரம் என்று யாராவது சொன்னால் அடிக்கப் போய்விடுவேன். இதை எழுதும்போது வெயில் காலமே வந்துவிட்டது. கோபம் மட்டும் இன்னும் இறங்கவில்லை. பழைய கார் வாங்க நினைப்பவர்களுக்கும், வீல்சேரோடு வெளியூர் போக நினைப்பவர்களுக்கும் வேண்டிய தகவல்கள் நடுநடுவே வரும். திட்டும் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குச் சொந்த ஊர் தமிழ்நாட்டில் தெற்கே நாசரேத் பக்கம். அக்கா டெல்லியில் ஐ.சி.யூ. நர்ஸாக இருந்தாள். ஆறு வருடங்களுக்கு முன்பு காலை டூட்டிக்கு ஸ்கூட்டியில் போனவளை ஒரு கார் பின்னாலிருந்து இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. இப்போது ஒரு நர்சிங் கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். கைகள் இரண்டும் இரும்பு. வீல்சேரிலிருந்து கார் சீட்டுக்கு ஒரு வழுவழுப்பான பலகையை வைத்துத் தானே நகர்ந்து மாறிக்கொள்வாள். யாரும் தூக்கக் கூடாது. நான் குருகிராமில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். ஊர் சுற்றுவது எங்கள் இருவருக்கும் உள்ள ஒரே கெட்ட பழக்கம்.

டெல்லியில் வாடகைக் கார்கள் பெரும்பாலும் கேஸில் ஓடுபவை. அந்தக் கேஸ் சிலிண்டர் எங்கே இருக்கும்? டிக்கியில். அக்காவின் வீல்சேர் மடங்காத வகை. அவள் உடம்பின் அளவுக்குச் செய்தது. சிலிண்டர் படுத்திருக்கும் டிக்கியில் அது நுழையாது. சக்கரங்களைக் கழற்றிப் பின்சீட்டில் வைக்கலாம் என்றால், சீட் அழுக்காகும் என்பார்கள். பத்து கேப் கூப்பிட்டால் ஏழு பேர் வீல்சேரைப் பார்த்ததும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். ஒருவர் நின்று விளக்கம்கூடச் சொன்னார்: "அண்ணா, காலையில் முதல் சவாரி, தப்பா எடுத்துக்காதீங்க." தப்பாக எடுத்துக்கொள்ளாமல் அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மெட்ரோவைக் குறை சொல்ல மாட்டேன். லிப்ட் இருக்கிறது, வேலை செய்கிறது, ரயிலுக்குள் நேராக உருட்டிக்கொண்டு போகலாம். ஆனால் வீட்டு வாசலிலிருந்து ஸ்டேஷன் வரை ஒரு நடைபாதை உண்டே, அதில் மரம், மின்பெட்டி, மோமோ கடை, நிறுத்தி வைத்த பைக்குகள் எல்லாம் இருக்கும். நடக்கவோ உருளவோ மட்டும் இடம் இருக்காது.

அதனால்தான் கார் தேடினோம். பெரிய எஸ்.யூ.வி.களின் சீட் அக்காவின் மார்பு உயரத்துக்கு இருந்தது. சின்னக் கார்களில் டிக்கி போதவில்லை. ஜனக்புரியிலிருந்து இருபது நிமிடத் தூரத்தில் சாலையோரமாகப் பழைய கார்களை வரிசைகட்டி விற்கும் ஒரு இடம் இருக்கிறது. அங்கே இரண்டு எஸ்.யூ.வி.களுக்கு நடுவே அது நின்றது. பாசிப்பச்சை நிறம். முன்பக்கம் சாதாரணக் கார், பின்பக்கம் மட்டும் யாரோ பிடித்து இழுத்துவிட்டது போல நீளம். ஸ்டேஷன் வேகன். இந்தியாவில் இந்த வகைக் கார் ஒருபோதும் சரியாக விற்றதில்லை. சவ ஊர்தி மாதிரி இருக்கிறது என்று சொல்லியே நம் ஆட்கள் அதைக் கொன்றார்கள். கம்பெனிப் பெயரைச் சொல்ல மாட்டேன், பின்னூட்டத்தில் சண்டை வரும். பழைய கார் பிரியர்கள் அதை 'கிளாசிக்' என்பார்கள். சட்டப்படி அது வெறும் பழைய கார். அப்போது அதற்கு வயது பதினொன்று.

அக்கா பலகையை வைத்து சீட்டுக்கு நகர்ந்தாள். வீல்சேரும் சீட்டும் ஒரே மட்டம். பின்கதவைத் தூக்கி, சக்கரத்தைக்கூடக் கழற்றாமல் வீல்சேரை அப்படியே உள்ளே உருட்டினேன். போய் நின்றது. பக்கத்தில் இன்னும் இரண்டு பெட்டி வைக்கலாம். அக்கா கண்ணாடியில் என்னைப் பார்த்து, "ஏல, இதையே முடி" என்றாள். ஒரு லட்சத்து அறுபத்தைந்தாயிரத்துக்கு முடித்தோம். கார் அவள் பெயரில், அவள் பணத்தில்.

வாங்கிய இரண்டாம் வாரம், டிரைவர் கதவின் உள்ஓரத்தில் பாதி கிழிந்த ஒரு ஸ்டிக்கரைப் பார்த்தேன். எப்போதோ ஆயில் மாற்றியபோது ஒட்டியது. அதில் எழுதியிருந்த கிலோமீட்டர், இப்போது மீட்டர் காட்டுவதைப் போல இரண்டு மடங்கு. மீட்டரைத் திருப்பி வைத்திருக்கிறார்கள். காரை எடுத்துக்கொண்டு நேராக வியாபாரியிடம் போனேன். அவர் டீயைக் கீழே வைக்காமலேயே சொன்னார்: "பாய் சாப், மீட்டரா ஓடுது? இன்ஜின்தானே ஓடுது!" சுற்றி நின்ற நான்கு பேர் சிரித்தார்கள். நான் கத்தினேன். கத்தியதற்கு எனக்கும் ஒரு டீ கொடுத்தார்கள். டெல்லியில் ஏமாற்றுகிறவர்கள் இவ்வளவு உபசாரமாக ஏமாற்றும்போது கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

நான்கு வருடம் அந்தக் காரை ஓட்டிப் பராமரித்தது நான்தான். டைமிங் பெல்ட், கிளட்ச், ரேடியேட்டர் எல்லாம் என் கையால் வாங்கி மாட்டியவை. புது உதிரிபாகம் கிடைக்காது. எங்கள் வீட்டிலிருந்து பக்கம்தான் மாயாபுரி. பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் சந்துகள். மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே அலைவேன். பின்கதவைத் தூக்கிப் பிடிக்கும் இரண்டு கேஸ் தண்டுகளும் முதல் கோடையிலேயே செத்துவிட்டன. கதவு எப்போது வேண்டுமானாலும் தலையில் விழும். ஐந்து மாதம் ஒரு கிரிக்கெட் ஸ்டம்பை முட்டுக் கொடுத்துதான் வீல்சேரை ஏற்றி இறக்கினேன். மெக்கானிக் ஒருவர் ஒவ்வொரு தடவையும், "இதைத் தூக்கிப் போட்டுட்டு எஸ்.யூ.வி. எடுங்க சார், கெத்தா இருக்கும்" என்பார். அவரே ஒரு தடவை பேட்டரிக்கு மின்சாரம் தரும் என் நல்ல ஆல்டர்னேட்டரைக் கழற்றிக்கொண்டு செத்த ஒன்றை மாட்டி அனுப்பினார். மூன்றாம் நாள் தௌலா குவான் மேம்பாலத்தின் உச்சியில் வண்டி நின்றது. பின்னால் இருந்த அத்தனை பேரும் ஹாரன் அடித்தார்கள், ஏதோ நான் அங்கே காற்று வாங்க நிறுத்தியது போல.

ஆனாலும் அந்தக் கார் எங்களை லான்ஸ்டௌன் மலைக்குக் கொண்டுபோனது, பரத்பூர் பறவைகளைக் காட்டியது. மாதம் ஒரு முறை ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போய்க் கருவாடும் சம்பா அரிசியும் வாங்கி வருவோம். எனக்கு அந்தக் காரின் மேல் பிரியம். மறைக்கவில்லை. சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்ததும் அதை ஒரு தடவை சுற்றி வந்து தட்டிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போவேன்.

காற்று கெடுவதைக் குறைக்க, டெல்லியில் பெட்ரோல் காருக்குப் பதினைந்து வயதுதான் ஆயுள். அதற்குப் பிறகு தெருவில் கண்டால் எடுத்துக்கொண்டு போய் நொறுக்கலாம். பழம்பெருமை வாய்ந்த கார் என்று காப்பாற்ற வேண்டுமென்றால் ஐம்பது வயது ஆகியிருக்க வேண்டும். எங்கள் காருக்குப் பதினைந்து முடிய மூன்று வாரம் இருந்தது. நான் வீட்டில் குதித்துக்கொண்டிருந்தேன். அக்கா குதிக்கவில்லை.

"வண்டிய நிறுத்தச் சொல்லுதது நியாயம்தாம்ல," என்றாள். "டிசம்பர் மாசம் சின்னப் பிள்ளைங்க மூச்சு வாங்க முடியாம வந்து கிடக்கத நான் பாத்திருக்கேன். எத்தன வண்டிய வேணும்னாலும் எடுக்கட்டும். எடுத்துட்டு என்னைய எதுல ஏத்துவானுவன்னு ஒருத்தனாவது சொல்லுதானா?"

இதற்குப் பதில் உங்களிடம் இருந்தால் எழுதுங்கள்.

டெல்லியில் வாங்க வந்தவர்கள் எல்லோரும் எடைக்கு எடுப்பவர்கள். வெளி மாநிலத்தில் விற்றால் கார் இன்னும் சில வருடம் ஓடும். விளம்பரம் போட்டேன். ஜெய்ப்பூரிலிருந்து ஒருவர் போன் செய்தார். சின்ன ஹோட்டல் நடத்துகிறாராம். போட்டோவைப் பார்த்தே மயங்கிவிட்டாராம். "இதை விற்கவே மாட்டேன் சார். என் ஹோட்டல் வாசலிலேயே கடைசிவரை வைத்துக்கொள்வேன்" என்றார். அவர் குரலில் இருந்த ஆசை எனக்குப் பிடித்துப்போயிற்று. எண்பதாயிரத்துக்குப் பேசி முடித்தோம். ராஜஸ்தானுக்கு என்று தடையின்மைச் சான்று வாங்கினேன். அது ஒழுங்காகவே கிடைத்தது. அந்தச் சான்று வாங்கிவிட்டால் டெல்லிப் பதிவு போனமாதிரிதான், திரும்ப வர முடியாது என்பதை நினைவில் வையுங்கள்.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். துவாரகா வழியாகக் குருகிராம், மானேசர் தாண்டும்வரை லாரிகள். பிறகு கடுகு வயல்கள் இரண்டு பக்கமும் மஞ்சளாக வந்தன. பெஹ்ரோரில் ஒரு தாபாவில் நிறுத்தினோம். வீல்சேர் போகும் கழிப்பறை இருக்கிறது என்று பலகை இருந்தது. கதவில் பூட்டு. சாவி மேனேஜரிடம், மேனேஜர் ஊரில். உள்ளே என்ன இருக்கிறது என்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெங்காய மூட்டைகள். அக்கா என்னைப் பார்த்து, "வா, அடுத்தத பாப்போம்" என்றாள். நாற்பது கிலோமீட்டர் தள்ளி, கோட்புத்லி தாண்டியதும் ஒரு பெட்ரோல் பங்கில் அகலமான, சுத்தமான கழிப்பறை கிடைத்தது. இந்த வழியில் போகிறவர்கள் தாபாவை நம்பாமல் பெரிய பெட்ரோல் பங்குகளைப் பாருங்கள்.

பதினொன்றரைக்கு ஜெய்ப்பூர். கார் ஒரு தடவைகூட முனகவில்லை. வெளியே மிதமான வெயில். ஹோட்டல் அழகாகத்தான் இருந்தது. வாசலில் மூன்று படிகள். ரேம்ப் இல்லை. ஹோட்டல்காரர் கையைக் கூப்பிக்கொண்டு ஓடி வந்தார். ஐம்பது வயதிருக்கும், சிரித்த முகம். அக்காவுக்கு டீயை வாசலுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குத் தெருவில் டீ.

அவர் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். நான் பெருமையோடு பானெட்டைத் திறந்தேன். அவர் அதை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பின்னால் போய் ஒரு ஆளைக் கூப்பிட்டார். அந்த ஆள் அளவுநாடாவை எடுத்து, முன்கதவுக்குப் பின்னால் கூரையிலிருந்து கீழே வரை அளந்து, சாக்கட்டியால் ஒரு கோடு போட்டான். நேராக, பச்சைப் பெயிண்டின் மேல் வெள்ளையாக.

"இது என்ன?" என்று கேட்டேன்.

"இங்கே வெட்டணும் சார்," என்றார் ஹோட்டல்காரர் சந்தோஷமாக. "பின்பாதி மட்டும்தான் வேணும். அதுதானே அழகு! கதவைத் தூக்கினா உள்ளே குல்பி கவுண்டர். லைட் போட்டு, வாசலிலேயே நிரந்தரமா!"

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. வாசலிலேயே கடைசிவரை வைத்துக்கொள்வேன் என்றார். அப்படியேதான் செய்யப்போகிறார்.

சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அக்காவிடம் வந்தேன். தமிழில் பேசினோம், யாருக்கும் புரியாது என்ற தைரியத்தில் சத்தமாகவே.

"அக்கா, வா போயிருவோம். இவன் வண்டிய வெட்டப் போறான்."

"வெட்டட்டும்."

"என்ன பேசுத நீ? தீபாவளிக்குத்தான் கிளட்ச் மாத்துனேன்."

"அதுக்கு? கிளட்ச்சக் கழத்தி வீட்டுக்குக் கொண்டு போணும்கியா?"

"நாலு வருசம் உன்னையச் சுமந்திருக்கு. கொஞ்சமாவது..."

"என்னையச் சுமந்துச்சு, சரி. உனக்குப் பிடிச்சுது, அதுவும் சரி. ரெண்டும் வேற வேறல." டீ டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கு இதுமேல பிரியம்னு நீயா நெனச்சுக்கிட்ட. வேற எதுலயும் என் சேர் ஏறல, அதனால இதுல ஏறுனேன். ஒரு நல்ல பஸ்ஸு வாசல்ல வந்து நின்னு, நானே உருட்டிட்டு ஏறலாம்னா, இத நான் திரும்பிப் பாத்திருப்பேனா? நீ வண்டிக்காக அழுத. நான் எதுக்காக அழணும்னு யோசிச்சியா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. அவள் மேல். நான்கு வருட ஞாயிற்றுக்கிழமைகளை ஒரே வாக்கியத்தில் தூக்கிப் போட்டுவிட்டாள் என்று தோன்றியது. ஆனால் அவள் சொன்னது உண்மை.

அக்கா வீல்சேரைத் திருப்பி ஹோட்டல்காரரிடம் ஹிந்தியில் பேசினாள். கார் உங்களுடையது, வெட்டுவதும் விடுவதும் உங்கள் இஷ்டம், ஆனால் ஒரு விஷயம், இந்த மூன்று படிக்குப் பக்கத்தில் ஒரு ரேம்ப் போடுங்கள், அடுத்த தடவை நான் வந்தால் உள்ளே உட்கார்ந்து குல்பி சாப்பிட வேண்டும். "ஜரூர் மேடம், ஜரூர்!" என்றார் அவர். கண்டிப்பாகவாம். பேசிய பணத்தை ஒரு ரூபாய் குறைக்காமல் கொடுத்தார். கையெழுத்துகள் முடிந்தன.

எங்களைப் பஸ் நிற்கும் இடத்தில் விடுவதற்குத் தன் எஸ்.யூ.வி.யைக் கொண்டுவரச் சொன்னார். அது உயரம், ஏற முடியாது என்றாள் அக்கா. நாலு பையன்களைக் கூப்பிடுகிறேன், தூக்கி வைத்துவிடுவார்கள் என்றார். நான் சோபா இல்லை என்றாள் அக்கா. கடைசியில் எங்கள் காரிலேயே, இப்போது அவர் காரிலேயே, அவரே ஓட்டிக்கொண்டு வந்தார். நான் முதன்முறையாகப் பின்சீட்டில் உட்கார்ந்தேன். பாதி வழியில் அவர் ஸ்டியரிங்கைத் தட்டி, "அடடா, வெண்ணெய் மாதிரி போகுதே!" என்றார்.

"அப்புறம் ஏன் வெட்டுறீங்க?"

"ஓடுற காரோட யாரு சார் செல்பி எடுப்பாங்க?"

இறங்கினோம். சாக்கட்டிக் கோட்டோடு கார் திரும்பிப் போனது. நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஏதாவது செய்திருப்பேன்.

இனிதான் அசல் பயணம். பஸ்ஸை முதல் நாளே தனியார் ஏஜென்சியில் பதிவு செய்திருந்தேன். வீல்சேர் இருக்கிறது, மடங்காது என்று போனில் இரண்டு தடவை சொல்லியிருந்தேன். "நோ பிராப்ளம் சார், கீழே டிக்கி பெரிசு" என்றார்கள். டிக்கி பெரிசுதான். கண்டக்டர் அதைத் திறந்தபோது உள்ளே அடி முதல் நுனி வரை மூட்டைகள். பஞ்சு வைத்துத் தைத்த ஜெய்ப்பூர் ரஜாய்ப் போர்வைகள், டெல்லிக் கடைகளுக்குப் போகும் சரக்கு.

"வீல்சேரை மேலே கட்டிடலாம்," என்றார் கண்டக்டர்.

மேலே கட்டினால் சக்கரம் வளைந்துவிடும். வளைந்தால் புதுச் சக்கரம் வர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை அவளுக்குக் கால் இல்லை. இதை ஹிந்தியில் எனக்குத் தெரிந்த எல்லா விதத்திலும் சொன்னேன். உள்ளே நடைபாதையில் வைக்கலாமா என்றேன். கூடாது என்றார். அப்படியென்றால் பணத்தைத் திருப்பித் தருகிறேன், அடுத்த பஸ்ஸில் வாருங்கள் என்றார். அடுத்த பஸ் அங்கேயே நின்றது. அதன் டிக்கியும் திறந்திருந்தது. அதிலும் மூட்டைகள்.

நான் குரலை உயர்த்திக்கொண்டிருந்தபோது அக்காவைக் காணோம். திரும்பிப் பார்த்தால் அவள் உருட்டிக்கொண்டு போய் பஸ்ஸின் முன்னால், பம்பரிலிருந்து ஒரு முழத் தூரத்தில், டிரைவரைப் பார்த்தபடி நின்றாள். குனிந்து இரண்டு சக்கரத்துக்கும் பிரேக் போட்டாள். கையைக் கட்டிக்கொண்டாள்.

டிரைவர் ஹாரன் அடித்தார். அந்த ஹாரன் ஒரு மாட்டை எழுப்பும். அவள் அசையவில்லை. கண்டக்டர் ஓடிவந்து, "மேடம், இது என்ன நாடகம்?" என்றார். "நான் டிக்கெட் வாங்கியிருக்கேன். பஸ்ஸுக்காகக் காத்துக்கிட்டிருக்கேன்," என்றாள் அவள் ஹிந்தியில், வகுப்பில் பேசும் குரலில். பயணிகள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். எல்லோரும் எங்கள் பக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒருவர் தனக்குக் கல்யாணத்துக்கு நேரமாகிறது என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். ஒரு இளைஞன் போனை நீட்டி வீடியோ எடுத்தான். பாவம், ஆண்டவன் சோதிக்கிறார் என்று ஒரு பெரியவர் என் தோளைத் தட்டினார். அவர் கையைத் தட்டிவிட்டேன். ஆண்டவன் அந்த மூட்டைகளை ஏற்றவில்லை.

அரை மணி நேரம் போயிருக்கும். கைக்குழந்தையோடு ஒரு பெண் கீழே இறங்கி வந்து டிக்கியை எட்டிப் பார்த்தார். அவர் அக்காவிடம் ஒன்றும் பேசவில்லை. கண்டக்டரைப் பார்த்துக் கேட்டார்: "இந்த மூட்டைகளுக்கு டிக்கெட் இருக்கா?"

கண்டக்டர் டிக்கிக் கதவைச் சாத்தப் போனார்.

"என் பெட்டியையும் இடமில்லைன்னு காலடியில வைக்கச் சொன்னீங்க. நான் டிக்கெட் வாங்கியிருக்கேன். அந்தம்மா வாங்கியிருக்காங்க. மூட்டை வாங்கியிருக்கா?"

அதற்குப் பிறகுதான் கூட்டம் திரும்பியது. கல்யாணத்துக்குப் போகிறவர்கூட, "ஆமா, என் பேக்கும் மடியிலதான் இருக்கு" என்றார். அக்காவுக்காகக் கோபப்படாதவர்கள் தங்கள் பெட்டிக்காகக் கோபப்பட்டார்கள். போகட்டும், கோபம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தால் என்ன. மூன்று மூட்டைகள் வெளியே வந்து விழுந்தன. அக்கா பிரேக்கை எடுத்தாள்.

இன்னும் படிகள் இருந்தன. பஸ்ஸின் வாசலில் நான்கு படி, செங்குத்தாக. கண்டக்டர் பின்னாலிருந்து வந்து, கேட்காமலே, அவள் அக்குளுக்குள் கையை விட்டுத் தூக்கப் பார்த்தார். "ஹாத் மத் லகானா," என்றாள். தொடாதே. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அவர் நெருப்பைத் தொட்டது போலப் பின்வாங்கினார். அக்கா முதல் படியில் பலகையை வைத்து அதன் மேல் நகர்ந்து உட்கார்ந்தாள், பஸ்ஸுக்கு முதுகைக் காட்டி, எங்களைப் பார்த்தபடி. பிறகு கையை ஊன்றி உடம்பைத் தூக்கி அடுத்த படியில் வைத்தாள். பிறகு அடுத்தது. அவள் பாதங்களைப் படிப்படியாக எடுத்து வைப்பது மட்டும்தான் என் வேலை. கழுத்து நரம்பு புடைத்தது. கீழே நின்ற எல்லோரையும் ஒவ்வொரு முகமாக அவள் பார்த்துக்கொண்டே ஏறினாள். வீடியோ எடுத்தவன் போனை இறக்கினான்.

சீட்டில் உட்கார்ந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, கைப்பையிலிருந்து கடலைமிட்டாயை எடுத்துக் கடித்தாள்.

"இத எழுதப் போறேன்," என்றேன்.

"எழுது. என்னையப் பாவம்னு எழுதின, கைய ஒடிச்சிருவேன்."

பாதி மிட்டாயை எனக்குக் கொடுத்தாள். ஷாபுரா தாண்டும்போது தூங்கிவிட்டாள். நான் தூங்கவில்லை. அவள் கேட்டதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். நான்கு வருடம் நான் அந்தக் காரைப் பராமரித்ததை அவளுக்குச் செய்த உதவியாகவே நினைத்திருந்தேன். அவளோ ஒவ்வொரு தடவையும் எங்கே போக வேண்டும் என்றாலும் என் லீவுக்காகவும் என் மனநிலைக்காகவும் காத்திருந்திருக்கிறாள். அவளுக்குக் கார் இருந்தது, சாவி என்னிடம் இருந்தது.

பழைய கார் வாங்குகிறவர்களுக்கு: மீட்டரை நம்பாதீர்கள். பிரேக் பெடலின் ரப்பர், ஸ்டியரிங்கின் தேய்மானம், கதவோர ஸ்டிக்கர், இவற்றைப் பாருங்கள். உதிரிபாகம் கிடைக்காத காரை வாங்குவதானால் மாயாபுரி மாதிரி ஒரு இடம் பக்கத்தில் இருக்கட்டும், கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். டெல்லியில் வாங்கினால் அதன் வயதைக் கழித்து, எத்தனை வருடம் மிச்சம் என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள். வெளி மாநிலத்தில் விற்பவர்கள் ஆர்.சி. பெயர் மாறும் வரை விடாமல் துரத்துங்கள், இல்லையென்றால் அவர் செய்யும் விபத்து உங்கள் தலையில் வரும். வாங்குபவர் எதற்கு வாங்குகிறார் என்று கேளுங்கள், கேட்டுவிட்டு மறந்துவிடுங்கள்.

வீல்சேரோடு போகிறவர்களுக்கு: போனில் சொல்வது எதுவும் செல்லாது. எழுத்தில், மெசேஜில் வாங்குங்கள். பஸ் கிளம்பும் நேரத்துக்கு முன்னதாகவே போய் டிக்கியைத் திறக்கச் சொல்லுங்கள். பிரேக் நன்றாகப் பிடிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹோட்டல்காரர் ஏப்ரலில் ஒரு போட்டோ அனுப்பினார். காரின் பின்பாதி வாசலில் நிற்கிறது, உள்ளே மஞ்சள் விளக்கு, குல்பிப் பானைகள். ஓரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்று படிகள் அப்படியே. அக்கா அவருக்கு ஒரே வார்த்தை அனுப்பினாள்: "ரேம்ப்?" பதில் இல்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் அதே வார்த்தையை அனுப்பிக்கொண்டிருக்கிறாள். நிறுத்தப்போவதாகத் தெரியவில்லை.

போன மாதம் ஒரு சின்னக் கார் வாங்கினோம். கியர் இல்லாதது, ஆறு வயது. பிரேக்கும் ஆக்சிலேட்டரும் கையால் இயக்கும்படி ஒரு பட்டறையில் மாற்றிக் கொடுத்தார்கள். சக்கரங்களைக் கழற்றிவிட்டு வீல்சேரின் சட்டத்தைத் தன் மடி வழியாக இழுத்துப் பக்கத்து சீட்டில் போட அவளே பழகிவிட்டாள். நான் கூட இருக்கும் நாட்களில் அது பின்சீட்டுக்குப் போகும். எல்.எல்.ஆர். வந்துவிட்டது. டெஸ்ட் இனிமேல்தான். நேற்று சாயங்காலம் பங்கா ரோட்டில் சிக்னலில் நின்றோம். நான் எல் போர்டுக்குப் பொறுப்பாகப் பக்கத்தில். விளக்கு சிவப்பு. பின்னால் இருந்தவன் அப்போதும் ஹாரன் அடித்தான், விடாமல். அக்கா கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள்.

"ஏல, செவப்பு கண்ணுக்குத் தெரியல? பறந்தா போவ?"

அவனுக்கு ஒரு எழுத்தும் புரிந்திருக்காது. ஆனால் ஹாரன் நின்றது. விளக்கு பச்சையானது. அவள் கை ஆக்சிலேட்டரை அழுத்தினாள், கார் பாய்ந்தது, நான் மேல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"மெதுவா போக்கா."

"வாய மூடிட்டு ரோட்டப் பாரு."